இரண்டு நிமிடம் வெளியே: மன்னார்ச் சிறுமைதான உதைபந்தாட்டத்தில் தவறும் தண்டனையும்

பந்தைத் தட்டப் போனவர் எதிராளியின் காலைத் தட்டிவிட்டார். நடுவர் விசில் ஊதிவிட்டார். அடுத்து அவர் என்ன செய்யவேண்டும்? இந்தக் கேள்விக்கு உதைபந்தாட்டம் 130 ஆண்டுகளுக்கு மேலாக வெவ்வேறு விடைகளைச் சொல்லிவந்திருக்கிறது. பந்தை எதிரணிக்குக் கொடுத்தால் போதும் என்றது ஒரு காலம். தவறியவரின் பெயரை எழுதிக்கொள் என்றது பின்வந்த காலம். அணி செய்யும் தவறுகளை எண்ணிக்கொண்டே வா என்றது உள்ளரங்க ஆட்டம். ஆளைச் சில நிமிடம் வெளியே இருத்து என்கிறது இப்போது எழுந்திருக்கும் குரல். கூலி, பதிவேடு, ஒழுக்காற்றுக் குழு எதுவும் இல்லாத பொழுதுபோக்கு ஆட்டத்துக்கு இவற்றுள் எது பொருந்தும்? மன்னார்த் தீவிலும் பெருநிலப்பரப்பிலும் நடக்கும் ஐவர், எழுவர் ஆட்டங்களை மனத்தில் வைத்து இந்த விடைகளை ஒவ்வொன்றாக எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மன்னாரில் இந்தக் கேள்வியின் கனம்

மன்னார் மாவட்டத்தில் உதைபந்தாட்டம் பள்ளிக்கூடத்தோடும் கோவிலோடும் பிணைந்த ஆட்டம். மன்னார் புனித சவேரியார் ஆண்கள் கல்லூரி, பாடசாலை உதைபந்தாட்டத்தில் நாடறிந்த பெயர். பள்ளிமுனை சென். லூசியாஸ் போன்ற கழகங்கள் தங்கள் பங்கின் புனிதருடைய பெயரையே தாங்குகின்றன. இலங்கைத் தேசிய அணியின் பின்களத்தில் ஆடி, 2022இல் மாலைதீவில் காலமான டக்சன் பியூஸ்லஸ் இந்த மண்ணின் பிள்ளை. பேசாலை, தாழ்வுபாடு, வங்காலை, எருக்கலம்பிட்டி என்று எந்த ஊரை எடுத்தாலும் சட்டைக்குள் இருப்பது ஒரு தனியாள் மட்டுமல்ல. அவருக்குப் பின்னால் ஓர் ஊர் நிற்கிறது. 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் இந்தத் தீவிலிருந்து வெளியேற்றப்பட்டதையும், போர் முடிந்தபின் மீண்டு வந்ததையும் நினைவில் வைத்திருக்கும் இடத்தில், ஊருக்கும் ஊருக்கும் இடையிலான ஆட்டத்தில் நடுவரின் ஒரு தீர்ப்பு பந்தோடு நின்றுவிடும் என்று எவரும் எண்ணுவதில்லை.

திருவிழாவை ஒட்டியும், மறைந்தவர் நினைவாக வைக்கும் ஞாபகார்த்தக் கிண்ணத்துக்காகவும் நடக்கும் சிறுமைதானச் சுற்றுப்போட்டிகளின் அமைப்பை நினைத்துப் பார்க்கலாம். மின்னொளியில் பத்து நிமிடம், இடைவேளை, மறுபடி பத்து நிமிடம். மேசையில் ஒலிவாங்கியோடு ஒருவர். எல்லைக்கோட்டை மிதித்துக்கொண்டு ஊர்ச்சனம். உள்ளே ஒரே நடுவர். விசில், மணிக்கூடு, அட்டை, கோல் கணக்கு எல்லாம் அவர் தலையில். ஒரே இரவில் ஏழெட்டு ஆட்டம் முடிந்தாகவேண்டும். இந்த நிலைமையை மறந்துவிட்டு எந்த விதியின் நன்மை தீமையைப் பேசினாலும் பயனில்லை. உலக விதிகள் பெரும்பாலும் மூன்று நான்கு அதிகாரிகளையும், நிறுத்தி ஓட்டும் மணிக்கூட்டையும், அடுத்த வாரமும் தொடரும் ஒரு லீக்கையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

பந்தைக் கொடுத்தால் போதும்

தொடக்ககால இங்கிலாந்தின் கனவான் ஆட்டத்தில் தவறு என்பது தற்செயல். ஒவ்வோர் அணியும் தனக்கென ஒரு நடுவரைக் கொண்டுவரும். இருவரும் ஒத்துப்போகாவிட்டால் மட்டும் கோட்டுக்கு வெளியே மணிக்கூட்டோடு நிற்கும் மூன்றாமவரிடம் கேட்பார்கள். அந்த மூன்றாமவர் மைதானத்துக்குள் வந்தது 1891இல். அதே ஆண்டில்தான், அயர்லாந்தின் மில்ஃபோர்ட் ஊரைச் சேர்ந்த வில்லியம் மக்ரம் முன்வைத்த தண்ட உதையும் விதியாயிற்று. ஒருவர் வேண்டுமென்றே விழுத்துவார் என்று விதியே ஒப்புக்கொள்வதா என்று கனவான்கள் கொதித்தார்கள். கொரிந்தியன் கழகத்தார் தங்களுக்குத் தண்ட உதை விதிக்கப்பட்டால் கோல்காவலரைக் கம்பத்தருகே ஒதுங்கி நிற்கச் சொல்வார்களாம்.

இந்த நிலைப்பாட்டை வெறும் பழங்கதையாகத் தள்ளிவிட முடியாது. சிநேகபூர்வ ஆட்டங்களில், தெரிந்தவர்கள் தெரிந்தவர்களோடு ஆடும் மாலைகளில், இன்றும் நடப்பது இதுதான். கையை உயர்த்தி ஒப்புக்கொள்வார், பந்தை வைப்பார்கள், ஆட்டம் தொடரும். எதிரெதிர் ஊர்கள் கிண்ணத்துக்காக மோதும்போதுதான் இதன் போதாமை தெரிகிறது. சிறுமைதானத்தில் நடுக்கோட்டருகே கிடைக்கும் நேர் உதை பெரும்பாலும் எதையும் தருவதில்லை. எதிரணி பின்னால் ஓடி ஒழுங்காகிவிடும். வேகமாக முன்னேறும் ஒருவரைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினால் இழப்பது மிகக் கொஞ்சம், கிடைப்பது நிறைய. பந்தை மட்டும் கொடுக்கும் தண்டனை இந்தக் கணக்கை மாற்றாது.

பெயரை எழுதும் அட்டை

1962இல் சிலி, இத்தாலி அணிகள் சந்தியாகோவில் அடிதடியாக மோதிய ஆட்டத்துக்கு நடுவராக நின்றவர் கென் ஆஸ்டன். 1966 உலகக் கிண்ணக் காலிறுதியில் ஆர்ஜென்டீனத் தலைவர் ரட்டீனை ஜெர்மன் நடுவர் வெளியே அனுப்பியபோது, இருவருக்கும் பொதுமொழி இல்லாமல் ஆட்டம் நிமிடக்கணக்கில் நின்றது. அந்தக் கிண்ணத்துக்கு நடுவர்களின் பொறுப்பாளராக இருந்த ஆஸ்டனுக்கு, வீதிச் சமிக்ஞை விளக்கைப் பார்த்தபோது மஞ்சளும் சிவப்பும் தோன்றின. 1970 மெக்சிக்கோவில் அட்டைகள் முதன்முதலாக உலகக் கிண்ணத்துக்கு வந்தன.

அட்டை தீர்த்தது மொழிப் பிரச்சினையை. தண்டனைப் பிரச்சினையை அல்ல. மஞ்சள் அட்டை என்பது ஒரு கடன் குறிப்பு. அதை எங்கோ ஒரு பேரேட்டில் பதிந்து, சேர்ந்துவரும்போது அடுத்த ஆட்டத்தில் அறவிடும் அமைப்பு இருந்தால்தான் அதற்குப் பெறுமதி. ஓரிரவில் முடியும் சுற்றுப்போட்டியில் அந்தப் பேரேடு இல்லை. மஞ்சள் வாங்கியவர் அடுத்த கணமே அதே இடத்தில் நிற்கிறார். விழுந்தவர் முழங்காலைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

சிவப்புக்கு எதிர்ப்பக்கத்துக் குறை. 11 பேர் ஆட்டத்தில் ஒருவர் போனால் கோல்காவலர் தவிர்ந்த 10 பேரில் ஒருவர் குறைவு. ஐவர் ஆட்டத்தில் நால்வரில் ஒருவர், அதாவது களத்தின் கால்பங்கு, போய்விடும். ஆட்டம் அத்தோடு முடிந்த கணக்கு. இது தெரிந்த நடுவர் சிவப்பை எடுக்கத் தயங்குவார். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையிலுள்ள இந்தப் பெரிய வெற்றிடத்தில்தான் பெரும்பாலான பொழுதுபோக்கு ஆட்டத் தவறுகள் விழுகின்றன. கடும் தண்டனையும் கூட ஒரு விலையாகவே கணக்கிடப்படலாம் என்பதை நெதர்லாந்தின் ரிடர், கிராமர், ஹொப்ஸ்டாகன் மூவரும் 1994இல் எழுதிய ஆய்வு காட்டியது: உறுதியான கோல் வாய்ப்பைத் தடுத்து வெளியேறுவது, ஆட்டத்தின் எந்த நிமிடத்திலிருந்து அணிக்கு இலாபமாகும் என்று அவர்கள் கணித்தார்கள்.

அணியின் தவறுகளை எண்ணுதல்

1930இல் உருகுவேயின் மொண்டெவிடியோவில் ஆசிரியர் ஹுவான் கார்லோஸ் செரியானி உருவாக்கிய உள்ளரங்க ஆட்டம், ஃபுட்சாலாக வளர்ந்து 1989இல் தன் முதல் ஃபிஃபா உலகக் கிண்ணத்தைக் கண்டது. அதன் விடை தனித்துவமானது. நேர் உதைக்குரிய தவறுகள் அணியின் பெயரில் ஒவ்வொரு பாதியிலும் எண்ணப்படும். ஐந்து வரை வழமையான உதை. ஆறாவதிலிருந்து எதிரணிக்குச் சுவர் இல்லாத உதை, 10 மீற்றர் புள்ளியிலிருந்தும் அடிக்கலாம். சிவப்பு வாங்கியவர் திரும்பமாட்டார். ஆனால் 2 நிமிடம் கழித்தோ, ஆள்குறைந்த நிலையில் கோல் வாங்கிய பின்னரோ அவருக்குப் பதிலாக இன்னொருவர் இறங்கலாம்.

இதன் சிறப்பு, சின்னச்சின்ன இழுபறிகளுக்கும் விலை வைப்பது. ஒருவர் மாறி ஒருவர் தட்டி நிறுத்தும் தந்திரத்தை அட்டையால் பிடிக்க முடியாது, எண்ணிக்கை பிடித்துவிடும். பலவீனமும் அங்கேயே இருக்கிறது. முதல் ஐந்தும் சலுகை என்ற எண்ணத்தை அது தரலாம். இஸ்ரேலின் ஹைஃபாவில் பிள்ளைகளைத் தாமதமாகக் கூட்டிச்செல்லும் பெற்றோருக்குக் குழந்தைகள் காப்பகங்கள் அபராதம் விதித்தபோது தாமதம் கூடியதாக க்னீஸியும் ருஸ்டிகினியும் 2000இல் எழுதினார்கள். விலை வைத்ததும் வெட்கம் போய்விட்டது. அந்த முடிவை ஆட்டக்களத்துக்கு அப்படியே பொருத்துவது அவசரம். ஆனாலும் எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்கது. நடைமுறைச் சிக்கல் இன்னும் கடினம்: எண்ணுவதற்கு மேசையில் ஒருவர் வேண்டும், எண்ணிக்கை இரு அணிக்கும் தெரியவேண்டும். ஐந்தா, ஆறா என்று தகராறு வந்தால் அந்த இரவில் அதைவிடப் பெரிய தகராறு இருக்காது.

ஆளை இருத்துதல்

தவறியவரைச் சிறிதுநேரம் வெளியே இருத்தும் வழக்கம் உதைபந்தாட்டத்துக்குத்தான் புதிது. பனி ஹொக்கியில் 2 நிமிடம். கைப்பந்தாட்டத்தில் 2 நிமிடம், மூன்றாவது முறை வெளியே போனவர் திரும்ப முடியாது. எங்கள் பெண்பிள்ளைகள் பாடசாலைகளில் ஆடும் வலைப்பந்தாட்டத்திலும் இடைநிறுத்தம் உண்டு. கபடியில் மஞ்சள் அட்டைக்கு 2 நிமிடம். உண்மையில் கபடி ஆடி வளர்ந்தவருக்கு வெளியே போய் இருந்து மறுபடி உள்ளே வருவது ஆட்டத்தின் மூச்சு போன்றது; அதில் அவமானம் ஒன்றும் இல்லை. தற்காலிக வெளியேற்றம் நம்மவர்களுக்கு அந்நியமான யோசனை என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

உதைபந்தாட்டத்துக்குள் இது அமெரிக்க உள்ளரங்க ஆட்டம் வழியாக வந்தது. 1978 டிசெம்பரில் தொடங்கிய அங்குள்ள தொழில்முறை லீக், பலகைச் சுவர் சூழ்ந்த களத்தையும் 2 நிமிட வெளியேற்றத்தையும் பனி ஹொக்கியிடமிருந்து எடுத்துக்கொண்டது. அதற்கான நீல அட்டையும் பின்னர் அந்த ஆட்டத்தின் அடையாளமாயிற்று. வட அமெரிக்கப் பொழுதுபோக்கு உள்ளரங்க லீக்குகள் பலவற்றில் இன்றும் அதே வழக்கம்தான்.

வெளிக்கள ஆட்டத்தின் விதிகளை வகுக்கும் சர்வதேச சபை 2017 மார்ச்சில் இளையோர், மூத்தோர், மாற்றுத்திறனாளிகள், அடிமட்ட ஆட்டங்களுக்கு மட்டும் இதை அனுமதித்தது. அதன் வழிகாட்டல் இரு முறைகளைத் தருகிறது. ஒன்று, எல்லா மஞ்சளுக்கும் வெளியேற்றம். மற்றது, குறித்த சில மஞ்சளுக்கு மட்டும். வெளியேற்ற நேரம் மொத்த ஆட்டநேரத்தில் 10 முதல் 15 வீதம்.

இங்கிலாந்து இரண்டாம் முறையை எடுத்து, நடுவரோடு வாதாடுவதற்கு மட்டும் 10 நிமிட வெளியேற்றம் வைத்தது. 31 லீக்குகளில் சோதித்தபோது வாதாட்டம் 38 வீதம் குறைந்ததாக அந்நாட்டுச் சங்கம் அறிவித்தது. தொடரவேண்டும் என்றவர்கள் ஆட்டக்காரரில் 72 வீதம், நடுவர்களில் 84 வீதம். 2019/20 பருவத்தில் அடிமட்ட ஆட்டம் முழுவதற்கும் விரித்தார்கள். இந்த எண்களை இரண்டு காரணங்களுக்காக நிதானமாகப் படிக்கவேண்டும். சோதனையை நடத்தியவர்களே அளந்த அளவு இது. அத்தோடு, இது வாய்ப்பேச்சைப் பற்றிய அளவு. காலைத் தட்டுவதும் சட்டையைப் பிடிப்பதும் குறையுமா என்பதற்கு இதில் விடை இல்லை. நமது விவாதங்களில் இந்த 38 வீதத்தைத் தவறுகள் அனைத்துக்கும் சேர்த்துச் சொல்வது பிழை.

உயர்மட்ட ஆட்டத்துக்கு நீல அட்டை வரப்போகிறது என்ற பேச்சு 2024 பெப்ரவரியில் எழுந்தது. அடுத்த மாதம் ஸ்கொட்லாந்தில் கூடிய சபை அதை மேல்மட்டத்துக்கு எடுத்துச் செல்லவில்லை. எதிர்த்தவர்களின் முதன்மையான வாதம், ஆள்குறைந்த அணி அந்தப் பத்து நிமிடமும் கோல்முகத்தில் குவிந்து நின்று நேரத்தைக் கடத்தும், ஆட்டமே செத்துவிடும் என்பது. அகன்ற மைதானத்துக்கு அது வலுவான வாதம். நான்கு பேர் ஓடும் சிறுகளத்தில் மூவராகி ஒளிந்துகொள்ள இடமில்லை.

எத்தனை நிமிடம்?

தண்டனையின் எடையைக் கணக்கிடப் பலரும் நிமிடத்தை மட்டும் பார்க்கிறார்கள். ஆள்விகிதத்தையும் சேர்த்துப் பெருக்கவேண்டும். இங்கிலாந்தின் 10 நிமிடம் 90இல் ஏறத்தாழ 11 வீதம். பத்தில் ஓராள் என்பதால் அணி இழப்பது தன் உழைப்பில் 1.1 வீதம். மன்னாரின் 20 நிமிட ஐவர் ஆட்டத்தில் 2 நிமிடம் என்பது 10 வீதம். நாலில் ஓராள் என்பதால் இழப்பு 2.5 வீதம். பார்வைக்குச் சிறிய அந்த இரண்டு நிமிடம், இங்கிலாந்தின் பத்து நிமிடத்தைவிட இருமடங்குக்கு மேல் கனமானது. 40 நிமிட ஃபுட்சாலில் சிவப்புக்கான 2 நிமிடம் 1.25 வீதம் மட்டுமே. ஆகவே 20 நிமிட ஐவர் ஆட்டத்துக்கு 2 நிமிடத்தை மேல் எல்லையாகக் கொள்வதும், வாய்ப்பேச்சுக்கு 1 நிமிடத்தோடு நிறுத்துவதும் நியாயமாகப் படுகிறது.

மணிக்கூடு நிற்காமல் ஓடுவது அடுத்த சிக்கல். காற்றாலைகள் நிற்கும் தீவில், கச்சான் காற்று வீசும் மாலையில், ஓங்கி உதைத்த பந்து வேலியைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவதற்குள் தண்டனையில் அரை நிமிடம் கரைந்துவிடும். ஆள்குறைந்த அணிக்கு அந்த ஓங்கிய உதை ஒரு தந்திரமாகவும் மாறும். சர்வதேச வழிகாட்டல் இதை முன்னறிந்து, வெளியேற்ற நேரம் ஆட்டம் மறுபடி தொடங்கும்போதே ஆரம்பிக்கும் என்றும், நிறுத்தங்களில் வீணான நேரத்தைச் சேர்க்கவேண்டும் என்றும் சொல்கிறது. ஓடும் நடுவர் ஒருவரால் இதைச் செய்ய முடியாது. எல்லைக்கோட்டருகே ஒரு கதிரை, அதில் இருத்தப்பட்டவர், அவருக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசியின் நிறுத்தற் கடிகாரத்தோடு இன்னொருவர், பந்து வெளியே போனால் ஒரு விரலால் நிறுத்தி வந்ததும் ஓடவிடுதல்: இவ்வளவுதான் தேவை. இந்த விதி நிலைப்பதும் விழுவதும் பெரும்பாலும் அந்த இரண்டாவது ஆளைப் பொறுத்தது.

கோல் விழுந்தால் வெளியேற்றம் முடியுமா என்பதிலும் இரு மரபுகள். வட அமெரிக்கத் தொழில்முறைப் பனி ஹொக்கியில் முன்பு முழு 2 நிமிடமும் இருக்கவேண்டும். 1955இல் மொன்றியல் அணியின் ஜோன் பெலிவோ, எதிரணி ஆள்குறைந்திருந்த வேளையில் 44 செக்கனில் மூன்று கோல் அடித்தார். அடுத்த பருவத்திலேயே ஒரு கோலோடு தண்டனை முடியும் என்று விதி மாறிற்று. கைப்பந்தாட்டம் முழு நேரத்தையும் அறவிடுகிறது. கோலோடு முடிப்பது ஆட்டத்தின் சமநிலையைக் காக்கிறது. முழு நேரமும் இருத்துவது தவறியவரின் சூட்டைத் தணிக்கப் பார்க்கிறது. சிறுமைதானத்தில் இரண்டும் வேண்டும். கோல் விழுந்தால் அணிக்கு மாற்றுவீரரைத் தந்துவிட்டு, தவறியவரைத் தன் நேரம் முடியும்வரை கதிரையிலேயே வைத்திருக்கலாம். ஆட்டக்கணக்கும் மனக்கணக்கும் அப்போது பிரிந்துவிடும்.

நடுவரின் கண்ணும் ஊரின் குரலும்

தண்டனை எதுவானாலும் முதலில் தவறு கண்ணில் படவேண்டும். விதி தவறை மூன்று படிகளாகப் பிரிக்கிறது: கவனக்குறைவு, எதிராளியின் ஆபத்தைப் பொருட்படுத்தாமை, அளவுமீறிய பலம். முதலாவதற்கு உதை மட்டும், இரண்டாவதற்கு மஞ்சள், மூன்றாவதற்குச் சிவப்பு. வெளியேற்றம் நிற்கவேண்டிய இடம் அந்த நடுப்படி. ஆனால் படிகளுக்கிடையிலான கோடு நடுவரின் மனத்தில்தான் இருக்கிறது. அந்த மனத்தை ஊரின் சத்தம் தொடும். 2002இல் நெவில், பால்மர், வில்லியம்ஸ் மூவரும் 40 நடுவர்களுக்கு ஓர் ஆட்டத்தின் 47 மோதல்களைக் காட்டினார்கள். கூட்டத்தின் சத்தத்தோடு பார்த்தவர்கள், சத்தமின்றிப் பார்த்தவர்களைவிட உள்ளூர் அணிக்கு எதிராக 15.5 வீதம் குறைவான தவறுகளையே கண்டார்கள். அது பதிவுசெய்த சத்தம். பங்குமக்கள் கோட்டை மிதித்து நிற்கும் மைதானத்தில், கத்துபவர்களில் பாதிப்பேரைப் பெயர்சொல்லி அழைக்கக்கூடிய நடுவரின் நிலை அதைவிடக் கடினம்.

கண்களைக் கூட்டினால் தவறு குறையுமா? மக்கோமிக்கும் டொலிசனும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தில் நடுவர்கள் இரண்டிலிருந்து மூன்றானபோது தவறுகள் 34 வீதம் குறைந்தன. 2003இல் ஹெக்கல்மனும் யேட்ஸும் பனி ஹொக்கியில் இரண்டாம் நடுவரைச் சேர்த்ததை ஆராய்ந்தபோது, கூடுதலான தவறுகள் பிடிபட்டனவே தவிர ஆட்டக்காரர் திருந்திய அறிகுறி இல்லை. இரண்டையும் சேர்த்து வாசித்தால், கூடுதலான ஒரு நடுவர் நீதிக்கு நிச்சயம் உதவுவார், ஒழுக்கத்துக்கு உதவலாம் என்ற அளவுக்கே சொல்லமுடியும்.

எது உறுதி, எது திறந்திருக்கிறது

அன்றைய தவறுக்கு அன்றே, அந்த எதிரணிக்கே பயன்படும்படி விலை வைப்பது தற்காலிக வெளியேற்றம் ஒன்றுதான். மஞ்சளின் பலன் அடுத்த ஆட்டத்து எதிரணிக்குப் போகிறது. சிவப்பு ஆட்டத்தையே கொண்டுபோய்விடுகிறது. எண்ணிக்கைமுறை தவறாதவர்களையும் சேர்த்துத் தண்டிக்கிறது. பேரேடு இல்லாத சுற்றுப்போட்டிகளுக்கு வெளியேற்றமே பொருத்தம் என்ற முடிவுக்கு இந்த ஒப்பீடு இட்டுச்செல்கிறது. வன்முறைக்குச் சிவப்பு அப்படியே இருக்கவேண்டும் என்பதில் எந்தத் தரப்பிலும் கருத்துவேறுபாடு இல்லை.

திறந்திருக்கும் கேள்விகள் சிறியவை அல்ல. கதிரையில் இருக்கும் 2 நிமிடம் சூட்டைத் தணிக்கிறதா, அல்லது ஊர்ச்சனத்தின் நடுவே இருத்தப்பட்டவருக்கு அது மேலும் சூடேற்றுகிறதா? தயங்கிச் சிவப்பை எடுக்காத நடுவர் வெளியேற்றத்தைத் துணிந்து எடுப்பாரா, அல்லது சிவப்புக்குரியதையும் 2 நிமிடத்தோடு முடித்துவிடுவாரா? உடல்தவறுகள் குறையுமா? இங்கிலாந்தின் எண்களோ, பனி ஹொக்கியின் எண்களோ மணல்தரையில் வெறுங்காலோடும் ஆடும் ஓர் ஊர்ச் சுற்றுப்போட்டிக்காகப் பேசமாட்டா. இதற்கான ஆதாரம் மன்னாரிலேதான் சேரவேண்டும்.

ஆகையால் இந்தப் பருவத்தில் ஐவர், எழுவர் சுற்றுப்போட்டி நடத்தும் ஏற்பாட்டுக்குழுக்களிடம் ஒரு வேண்டுகோள். விதித்தாளில் வெளியேற்ற நேரத்தை முன்கூட்டியே எழுதி இரு அணித்தலைவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். நேரம் பார்க்க ஒருவரை, முடிந்தால் மூன்றாவது ஊரைச் சேர்ந்தவரை, கதிரையருகே இருத்துங்கள். இருத்தப்பட்ட ஒவ்வொருவரின் சட்டை இலக்கம், நிமிடம், காரணம், திரும்பி வந்தபின் அவர் மறுபடி தவறினாரா என்ற நான்கையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். கிண்ணம் கொடுத்த பிறகு அந்தக் கொப்பியை எறிந்துவிடாதீர்கள்.